நூறு பெயர்களும் ஒரு ‘ம்’மும்

டயன் ஆக்கர்மனின் ‘ஒன் ஹண்ட்ரட் நேம்ஸ் ஃபார் லவ்’ (2011) நூலைப் பலரும் காதல் கதையாகவே வாசிக்கிறார்கள். தலைப்பும் அப்படித்தான் அழைக்கிறது. 2003இல் அவருடைய கணவர், நாவலாசிரியர் பால் வெஸ்ட்டுக்குப் பக்கவாதம் வருகிறது. மூளையில் மொழிக்கான பகுதிகள் சேதமாகி, பேசவும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளவும் முடியாத அஃபேசியா. அத்தனை நாவல்கள் எழுதியவரின் வாயில் மிஞ்சியது ‘மெம்’ என்ற ஓர் அசை. கோபம், கேள்வி, கெஞ்சல் எல்லாம் அதுதான். (1861இல் பால் புரோக்கா பாரிஸில் கண்ட நோயாளிக்கு ‘டான்’ மட்டுமே வந்தது. மருத்துவ வரலாறு அந்த மனிதரை இன்றும் அந்த அசையாலேயே அழைக்கிறது.)

நூலில் என்னை நிறுத்திய இடம் காதல் அல்ல, ஒரு பேச்சுப் பயிற்சி. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார் பயிற்சியாளர். சிறகு முளைத்த குழந்தைகள். வெஸ்ட் ‘கேருபீன்கள்’ என்கிறார். தவறு, ‘தேவதைகள்’ என்று திருத்தப்படுகிறார். அவர் சொன்னதுதான் கச்சிதமான சொல். அன்றாடச் சொற்கள் வராமல் போனவருக்கு அரிய சொற்கள் வந்தன. அது பிதற்றல் இல்லை என்று கண்டுகொண்டவர் டயன். அவரே கவிஞர் என்பதால் அந்தக் காது இருந்தது. பொதுவான பயிற்சித் தாள்களை விட்டு, கணவரின் சொல்வளத்துக்கும் குறும்புக்கும் ஏற்பப் பயிற்சிகளை அவரே எழுதுகிறார். தூண்டியும் விடுகிறார், வெஸ்ட் தன் நோயைப் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ‘தி ஷேடோ ஃபேக்டரி’ 2008இல் வெளிவருகிறது. மனைவிக்கென்று அவர் நாள்தோறும் புனைந்த செல்லப் பெயர்கள்தான் அந்த நூறு.

செவிலி, சமையல், மொழிபெயர்ப்பு, காவல் என்று தன் எழுத்து நேரம் கரைந்ததை டயன் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே நூலை மதிக்கிறேன். ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. வெஸ்ட்டின் விநோதச் சொல்லை ஒருவர் நின்று கேட்டார் என்றால், வாழ்நாள் முழுதும் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. பேச்சிருந்த காலத்திலேயே யாரும் கேட்காத ஒருத்திக்கு அது போனால்?

என் அம்மாவுக்குப் பக்கவாதத்துக்குப் பின் மிஞ்சியது ‘அதான்’னும் ஒரு ‘ம்’மும். கை தேறியதும் “பாத்திரம் கழுவ முடியுதே, இனி கவலையில்ல” என்றார்கள். அவள் பேச்சு திரும்பியதா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆறாவது மாதம் மாமா வந்தார். அண்ணன் கடனில் இருந்தான். “ஏம்மா, அந்த ரெட்டவடச் சங்கிலிய அவனுக்குக் குடுத்துடலாமா?” அம்மா “ம்” என்றாள். “பாத்தியா, அவளே சொல்லிட்டா” என்று எழுந்தார்.

அஃபேசியாவில் ஆமாவும் இல்லையும் இடம் மாறி வரும். அதனால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் எனக்குச் சொல்லியிருந்தார். “குடுக்க வேணாமா அம்மா?” என்றேன். அதற்கும் “ம்”. மாமாவுக்கு எரிச்சல். “நீ அவளப் போட்டுக் குழப்பாத.” டிவியை அணைத்தேன். சங்கிலியை அவள் முன் வைத்து, ஒரு பக்கம் அண்ணன் படத்தையும் மறுபக்கம் பீரோ சாவியையும் வைத்தேன். ஒன்றும் பேசாமல் காத்திருந்தேன். மாமா இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். அம்மா சங்கிலியை எடுத்துச் சாவியின் மேல் வைத்து, “அதான்” என்றாள்.

கொடுக்க மறுத்தாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். பீரோவைத் திற என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சாவியை அவள் வலக்கைக்கு எட்டும் பக்கம் வைத்ததும் நான்தான். டயனின் புத்தகத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போது, “அவர் சொல்ல வந்தது இதுதான்” என்ற தொனி வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். மறுநாள் சங்கிலியை மறுபடி எடுத்து, படத்தையும் சாவியையும் இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.