வேர்தரின் முடிவும் விமர்சகரின் பொறுப்பும்

கதேயின் ‘இளம் வேர்தரின் துயரங்கள்’ 1774ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாயகனைப் பின்பற்றி இளைஞர் தம்முயிரை மாய்த்துக்கொள்வர் என்ற அச்சத்தினால் மறுவருடமே லீப்சிக் நகரில் அந்நூல் தடைசெய்யப்பட்டது. தற்கொலைச் செய்திகளின் பரவலுக்கும் அவற்றைத் தொடரும் மரணங்களுக்குமுள்ள தொடர்பினை 1974இல் ஆராய்ந்த டேவிட் பிலிப்ஸ், அதற்கு ‘வேர்தர் விளைவு’ எனப் பெயரிட்டார். ஆனால், ஒரு சமூகத்தின் தற்கொலை வீதத்தை நிர்ணயிப்பது பின்பற்றலன்று, சமூகப் பிணைப்பின் தன்மையே என எமில் டர்க்கைம் 1897இலேயே வாதிட்டிருந்தார். இவ்விரு கருத்துக்களும் எமது புனைகதையாளரின் கவனத்துக்குரியன.

கட்டிளமைப் பருவத்தினர் தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொள்வது எப்பொழுதும் மரணத்தை நாடியன்று. தாங்கொணா மனநெருக்கடியின் வெளிப்பாடாகவும் அது அமைவதுண்டு. குடும்ப வன்முறை, சகமாணவரின் கொடுமை, பரீட்சைச் சுமை, மனச்சோர்வு ஆகியன ஒன்றோடொன்று பின்னியே அங்கு செயற்படுகின்றன. எமது புனைகதைகள் பலவோ காதல் தோல்வி என்னும் ஒற்றைக் காரணத்தை எடுத்துக்கொண்டு, இளம்பெண்ணின் மரணத்தை அவளது தூய்மைக்குச் சான்றாக்குகின்றன. அம்மரணத்தோடு கதையும் முடிந்துவிட, சீதனமும் சாதியும் விசாரணையின்றித் தப்பிவிடுகின்றன.

இம்முடிவு தவிர்க்கவியலாத விதியா? இலங்கையின் அனுபவம் அதனை மறுக்கின்றது. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்றிருந்த தற்கொலை வீதம், நச்சுத்தன்மை மிக்க பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து பெரிதும் வீழ்ச்சியுற்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. கணநேர நெருக்கடியைக் கடக்க வாய்ப்புப் பெற்றோர் பலர் உயிர்பிழைத்தனர் என்பதே இதன் பொருளாகும். எனினும், தற்தீங்கினால் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படுவோர் தொகை அவ்வாறு குறையவில்லை. தடைச்சட்டம் மரணத்தைத் தடுத்ததேயன்றித் துயரத்தின் வேர்களைக் களையவில்லை.

அவ்வேர்களைக் காட்டுவதே இலக்கியத்தின் பணி. மொசார்ட்டின் ‘மாயக் குழல்’ இசைநாடகத்தில் (1791), உயிர்துறக்க முனையும் பப்பகேனோவை மூன்று சிறுவர் தடுத்து வேறு வழி காட்டுகின்றனர். நெருக்கடியை வென்றோர் பற்றிய செய்திகள் காப்பாக அமையலாமென 2010இல் சுட்டிய ஒஸ்திரிய ஆய்வாளர், அதற்கு அப்பாத்திரத்தின் பெயரையே சூட்டினர்.

போலி நம்பிக்கையூட்டும் முடிவுகளை நாம் வேண்டவில்லை. துயருறும் பிள்ளையின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஒருவரேனும் கதையில் இடம்பெறல் வேண்டும். அத்தகைய ஒருவர் இல்லையெனின், ஏன் இல்லை என்று கதை கேட்டல் வேண்டும். இவ்விரண்டும் இன்றி மரணத்தை அழகுபடுத்தும் படைப்பினை, அதன் நடை எத்துணைச் சிறப்புடையதாயினும், யதார்த்த இலக்கியமென நாம் ஏற்பதற்கில்லை.