ஆறு பாயிண்டுக்கு மூன்று ஸ்பேடு

இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்கள் பிரிட்ஜ் மேசைக்கு வந்ததும் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான். இருபத்தெட்டில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே உயரமாகக் கேட்டால் கையில் கனம் இருக்கிறது என்று பொருள். பிரிட்ஜில் முதல் ஆளே "மூன்று ஸ்பேடு" என்று கேட்டால் கையில் ஒன்றுமில்லை என்று பொருள். சரியாகச் சொன்னால், ஸ்பேடைத் தவிர ஒன்றுமில்லை. இதைத்தான் பிரியெம்ப்ட் என்கிறார்கள்.

ஒரு கையைப் பார்ப்போம். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, 9, 7, 6, 4. ஆட்டினில் ஒற்றை 5. டைமனில் 10, 8, 2. கிளாவரில் 6, 3. ஏஸுக்கும் படச் சீட்டுகளுக்கும் பிரிட்ஜ் தரும் மதிப்பில் மொத்தம் 6 பாயிண்ட். ஸ்பேடு துருப்பானால் இந்தக் கை அநேகமாகத் தனியாகவே ஆறு பிடி எடுத்துவிடும். எதிரணி ஆட்டினைத் துருப்பாக்கிவிட்டாலோ ஒரு பிடி தேறினாலே பெரிது. ஆடினால் ஆறு, தடுத்தால் ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வுதான் நல்ல பிரியெம்ப்டின் அடையாளம். பாயிண்ட் கணக்கு அல்ல. கிட்டத்தட்ட இதே பாயிண்ட் ஜாக்கி தலைமையிலான ஆறு ஸ்பேடு, ஏஸோடு நாலு ஆட்டின், டைமன் ராணி என்று சிதறிக் கிடந்தால் பேசாமல் பாஸ் சொல்லிவிடலாம்.

இதில் அபாயம் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். மூன்று ஸ்பேடுக்கு ஒன்பது பிடி வேண்டும்; நம்மிடம் ஆறு. ஜோடியின் கை வெறுங்கை என்றே வைத்துக்கொள்வோம். எதிரணி டபுள் சொல்ல, நாம் மூன்று பிடி குறைகிறோம். நாம் வல்னரபிள் (அபராதமும் பரிசும் கூடுதலாகும் நிலை) இல்லையென்றால் அபராதம் 500. ஆனால் அப்படியானால் 40 பாயிண்டில் 34 அவர்கள் கையில் இருக்கிறது. வல்னரபிளாக அவர்கள் நாலு ஆட்டின் எடுத்தாலே 620. ஆறு ஆட்டின் ஸ்லாம் எடுத்தால் 1430. 500 கொடுத்துத் தப்பியது லாபம். வல்னரபிள் என்றால் இரண்டு பிடி வரை, இல்லையென்றால் மூன்று பிடி வரை துணியலாம் என்ற எலி கல்பர்ட்சனின் பழைய விதிக்கு அடிப்படை இந்த 500தான். வல்னரபிள் இல்லாதபோதும் நாலாவது பிடி குறைந்தால் கதை வேறு. 1987க்கு முன் டூப்ளிகேட் ஆட்டத்தில் (ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடும் முறை) அதற்கு 700 கொடுத்தால் போதும், இப்போது 800. துணிச்சலுக்கு அன்று விலை ஏற்றினார்கள்.

இது பாதிக் கதைதான். பிரியெம்ப்டின் உண்மையான பலம் இடத்தை அடைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஒரு கிளாவர் முதல் மூன்று ஆட்டின் வரை பதின்மூன்று படிகள். எதிரணி ஒருவருக்கொருவர் கையை விவரிக்க வேண்டிய அந்தப் படிகளை ஒரே கேள்வியில் இடித்துத் தள்ளிவிடுகிறோம். 16 பாயிண்ட் வைத்திருப்பவர் முதல் வார்த்தையையே நாலாவது மாடியிலிருந்து பேச வேண்டும். அல்லது டபுள் சொல்லிவிட்டு ஜோடியை நம்ப வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் இங்கே ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் நம் ஜோடிக்கும் அதே பதின்மூன்று படிகள் போய்விட்டன. முதல் இருக்கையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்: இன்னும் பேசாத மூவரில் இருவர் எதிரிகள். மூன்றாவது இருக்கையில் ஜோடி ஏற்கெனவே பாஸ் சொல்லிவிட்டார். அவரைக் கெடுப்பதற்கு அங்கே அதிகம் இல்லை, எனவே கொஞ்சம் குறும்பு செய்யலாம். நாலாவது இருக்கையில் யாரைத் தடுக்க? எல்லோரும் பாஸ், நாமும் பாஸ் சொன்னால் சீட்டைக் கலைத்துவிடலாம். அங்கே வாயைத் திறந்தால் லாபத்துக்காக இருக்க வேண்டும். பொல்லாதது இரண்டாவது இருக்கை. ஒரு எதிரி அடங்கிவிட்டார். மீதி ஒரு எதிரி, ஒரு ஜோடி. நல்ல கை யாரிடம் என்பது பூவா தலையா.

அங்கேதான் நான் ஒருமுறை ஏழு டைமனோடு மூன்று கேட்டேன். தலைமை தாங்கியது ராணி. ஜோடியிடம் டைமன் ஏஸும் ஒரு சின்னச் சீட்டும், மற்ற இனங்களில் படையும் பட்டாளமும் இருந்தன. என்னிடம் ராஜா, ராணி இரண்டும் இருக்கும் என்று நம்பி, ஏழு டைமன் பிடியை எண்ணிக்கொண்டு, மூன்று நோ டிரம்ப் கேட்டார். டைமன் ஓடவே இல்லை. மற்ற மேசைகளில் நாலு ஆட்டின் சுகமாகப் போயிற்று. "தம்பி, டைமன்ல என்னத்த வச்சுக்கிட்டு கேட்டே?" என்றார். பதில் சொல்லவில்லை. மேசையில் விரித்திருந்ததே பதில்.

இந்த மாதிரி இழப்பு பிரியெம்ப்டின் பெயரில் பதிவாவதில்லை. ஜோடி தப்பாகக் கேட்டார் என்று போய்விடுகிறது. 800 கொடுத்த ஆட்டத்தை ஆறு மாதம் பேசுவோம். தவறவிட்ட ஸ்லாமை யாரும் பேசுவதில்லை. மறுபக்கமும் அப்படித்தான்: எதிரணி குழம்பித் தப்பான இடத்தில் போய் நின்றால், அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்கிறோம். வரவும் செலவும் ஒளிந்துகொள்வதால்தான் இந்த விவாதம் தீராமல் நடக்கிறது. ஃபிரான்சின் ழான்-ரெனே வெர்ன் 1969இல், இரு அணிகளுக்கும் கிடைக்கும் மொத்தப் பிடிகள் இரு அணிகளின் மொத்தத் துருப்புகளுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று எழுதினார். அமெரிக்காவின் மார்ட்டி பெர்கனும் லாரி கோஹனும் அதைப் பரப்பினார்கள். துருப்பின் நீளத்தை நம்பி உயரப் போவதற்கு அது துணிவு தந்தது, நன்மைதான். ஆனால் பெர்கன் பாணியின் மெலிந்த கைகளை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அந்தப் பாணியை அறிந்த ஜோடி இல்லாமல் ஆடுகிறவர்களைத்தான் கிளப்புகளில் பார்க்கிறேன். ஜோடிக்கு ஒரு பாணி தெரிந்தால் எதிரணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

என் பார்வையில், இந்த முறையின் பெரிய ஓட்டை கேட்பவரிடம் இல்லை, பதில் சொல்பவரிடம் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று ஸ்பேடு கைக்கு எதிரே இரண்டு கைகளை வைத்துப் பாருங்கள். முதலாவது: ஒற்றை ஸ்பேடு 5, ஆட்டினில் ராஜா, ராணி, ஜாக்கி, 6, டைமனில் ராணி, ஜாக்கி, 7, 4, கிளாவரில் ராஜா, ராணி, ஜாக்கி, 7. இரண்டாவது: ஸ்பேடு 10, 5; ஆட்டின் ஏஸ், 9, 8, 4; டைமன் ஏஸ், ராஜா, 7, 4; கிளாவர் ஏஸ், 9, 5. இரண்டும் 15 பாயிண்ட். முதல் கையோடு நாலு ஸ்பேடு போனால் நாலு ஏஸையும் டைமன் ராஜாவையும் எதிரணி உருவிவிடும். குறைந்தது இரண்டு பிடி குறைவு. இரண்டாவதில் இழப்பது ஸ்பேடு ஏஸ், ஒரு டைமன், ஒரு கிளாவர் மட்டுமே. பத்துப் பிடி வந்துவிடும். படம் பார்த்து மயங்கி, ஏஸை எண்ணாமல் கேட்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வழக்கமான பிழை, ஸ்பேடு ஒன்றுதான் இருக்கிறது என்று பயந்து நாலு ஆட்டினுக்கு "காப்பாற்ற" ஓடுவது. ஏழு ஸ்பேடு வைத்திருப்பவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆட்டின் துருப்பானால் அவர் கை குப்பை.

இதற்கு நேர்மாறாக, மூன்று ஸ்பேடும் சொற்பப் பாயிண்டும் இருக்கும்போது செய்ய வேண்டியதைச் செய்யக் கை நடுங்குகிறது. ஏழும் மூன்றும் பத்துத் துருப்பு. வல்னரபிள் இல்லாதபோது தயங்காமல் நாலு ஸ்பேடு கேட்க வேண்டும். பலத்தோடும் நாலு, பலவீனத்தோடும் அதே நாலு. எது எதுவென்று அடுத்த எதிராளி எப்படிக் கண்டுபிடிப்பார்? பிரியெம்ப்டின் முழு விஷமும் இந்த இரண்டாவது அடியில்தான் ஏறுகிறது. யோசித்துவிட்டு, எதிரணி நாலு ஆட்டினுக்கு வந்தபிறகு நாலு ஸ்பேடு கேட்பவர், அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கதவைச் சாத்துகிறார்.

மூன்று கேட்டவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே கூடாது. அவர் கையை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஜோடியின் கை அவருக்குத் தெரியாது. முடிவெடுக்கும் உரிமை எதிரே இருப்பவருக்கு. அவர் டபுள் சொன்ன ஆட்டத்தில் குறுக்கே புகுந்து இன்னொரு முறை ஸ்பேடு கேட்பவரோடு நான் இரண்டாவது நாள் ஆட மாட்டேன்.

ஆகவே முதல் இருக்கையில் துணிவேன், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் துணிவேன். இரண்டாவது இருக்கையில், ராணி தலைமை தாங்கும் இனத்தை வைத்துக்கொண்டு அந்த டைமன் ஆட்டத்துக்குப் பிறகு நான் மூன்று கேட்டதில்லை.