வலம்புரிச் சங்கும் வர்மாக்களின் பெயரும்

மார்த்தாண்ட வர்மா என்ற பெயரில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பலர் உண்டு. ஒருவர் 1860 வரை ஆண்டவர். மற்றொருவர் 2013-இல் மறைந்தவர். பிறந்த நட்சத்திரம், திருநாள், அப்புறம் ராம வர்மா, மார்த்தாண்ட வர்மா போன்ற சில பெயர்களில் ஒன்று: ஆண்களின் பெயர் அவ்வளவுதான். வரலாறு படிப்பவருக்கு இது தீராத தலைவலி.

ஆனால் இந்தப் பெயர்முறைக்கு ஒரு பலம் உண்டு. அதில் தகப்பன் பெயருக்கு இடமில்லை. ஆங்கிலேயக் குடும்பத்தில் மகன் இல்லாமல் போனால் பெயரும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். திருவிதாங்கூரின் தாய்வழி மரபான மருமக்கத்தாயத்தில் சகோதரியின் மகனே வாரிசு. பெண் வழி அற்றுப்போனால் தத்தெடுப்பார்கள். 1900-இல் தத்தெடுக்கப்பட்ட இரு சிறுமிகளில் இளையவரின் மகன்தான் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள். வம்சப் பெயர் இடையில் அறுபடவே இல்லை.

இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மன்னர்களின் சொந்தப் பிள்ளைகள். அவர்களுடைய தாய்மாரின் இல்லங்கள் அம்மவீடுகள். அருமனை, வடசேரி, திருவட்டாறு, நாகர்கோவில் என்று அவற்றின் பெயர்கள் எல்லாம் இன்றைய குமரி மாவட்டத்து ஊர்கள். மகன் தம்பி, மகள் தங்கச்சி. வர்மா ஆக முடியாது. தங்கள் தந்தையின் அரியணை அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்கு (மேலே சொன்ன இருவருக்கும் முந்தையவர்) போனதை எதிர்த்து எழுந்த பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உயிரிழந்தார்கள். அந்தத் துயரம் தம்பிமார் கதை என்ற கதைப்பாடலாக நாஞ்சில் பக்கம் நிலைத்துவிட்டது. அரண்மனை வரலாற்றில் கலகக்காரர்களாகவே நிற்பவர்களுக்கு, கண்ணீர் விட்டது நாட்டார் பாட்டுதான்.

சின்னத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் குலச்சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல. ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டு அவர் வாரிசுகளுக்குப் போவது. ஸ்மித்துகள் எல்லோருக்கும் பொதுவான கேடயம் கிடையாது. திருவிதாங்கூரின் அரச சின்னமான வலம்புரிச் சங்கோ திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியுடையது. 1750 ஜனவரியில் அந்த முந்தைய மார்த்தாண்ட வர்மா நாட்டையே அவர் கோயிலில் அர்ப்பணித்துப் பத்மநாபதாசன் ஆனார். பின்வந்தவர்களும் தாசர்களாக இருந்தே ஆண்டார்கள். ஆண்டவனின் அடையாளத்தை எந்த மன்னரும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய சிறப்பு இதுதான் என்பேன்.

அதே இடத்தில்தான் அதன் பெரிய குறையும் இருக்கிறது. 1888-இல் வெளிவந்த திருவிதாங்கூர் அஞ்சல் தலையின் நடுவில் இருப்பது சங்கு. அடுத்து வந்த அஞ்சல் தலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தாளுக்குள்ளும் நீர்க்குறியாகச் சங்கு தெரியும். காசிலும் கொடியிலும் அதுவே. புலையரும் ஈழவரும் நாடாரும் அந்தச் சங்கு பொறித்த காசால் வரி கட்டினார்கள்; சங்குக்கு உரிய தெய்வத்தின் வாசலை மட்டும் அவர்கள் மிதிக்கக் கூடாது என்றிருந்தது. 1936 நவம்பர் 12-இல், சித்திரைத் திருநாளின் பிறந்தநாளையொட்டி வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதுவரை நாட்டின் சின்னம் நாட்டாரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியிருந்தது. தெய்வத்தின் பெயரால் ஆள்கிறவருக்கு இந்தப் பழியிலிருந்து விலக வழியில்லை.

அரச சின்னத்தின் இரு யானைகளும் சங்கும் இன்று கேரள அரசின் முத்திரையில் அசோகச் சிங்கங்களோடு நிற்கின்றன. மதச்சார்பற்ற அரசுக்கு இது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. எனினும் இது இருக்கட்டும் என்பதே என் கருத்து. 2020 ஜூலையில் பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்தின் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை குடும்பத்தோடு இருக்கலாம். ஆனால் கேரளத்தில் ரேஷன் அட்டை வைத்திருக்கும் யாருக்கும் சங்கில் இன்று பங்கு உண்டு.