மணிக்குள் ஒரு காந்தாரம்

மணியை அடித்தால் ஒரு ஸ்வரம்தான் கேட்கிறது என்பது அவசரக் காதின் தீர்ப்பு. நன்றாக வார்த்த மணியில் குறைந்தது ஐந்து ஸ்வரம் சேர்ந்தே பிறக்கும். காதில் முதலில் விழுவதை ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டால், அதன் மேலே சாதாரண காந்தாரம், பஞ்சமம், மேல் ஸட்ஜம். கீழே, மற்றதெல்லாம் அடங்கிய பிறகும் ரீங்கரித்துக்கொண்டிருக்கும் மந்திர ஸட்ஜம். தம்புராவில் தானாக எழுவது அந்தர காந்தாரம். மணியின் காந்தாரம் அதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. மகிழ்ச்சியான பாட்டை வாசித்தாலும் மணியோசையில் ஒரு சோகம் இழையோடுவது இதனால்தான்.

இப்படிப்பட்ட மணிகளை ஒரே கோபுரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டு, விசைப்பலகை வைத்து வாசிப்பதுதான் கேரிலான். குறைந்தது 23 மணியாவது இருந்தால்தான் அந்தப் பெயர். பிறந்த மண் இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும். தொடக்கத்தில், ஊர்க் கடிகாரம் மணி அடிக்குமுன் மக்களைக் காது கொடுக்கச் செய்ய, சின்ன மணிகளில் நாலு ஸ்வரம் ஒலிக்கும். அதற்கு ஆணிகள் செருகிய ஒரு பெரிய உருளை. அது சுழலச் சுழல ஆணிகள் நெம்புகோல்களைத் தூக்கிவிடும். 1510இல் ஊடனார்ட் நகரில் மனிதக் கை வாசிக்கும் விசைப்பலகை வந்துவிட்டது. கருவி வந்ததே தவிர, சுருதி வரவில்லை. அடுத்த நூறு வருடத்துக்கும் மேலாகக் கோபுரங்களில் ஒலித்ததை இசை என்று சொல்ல தாராள மனம் வேண்டும்.

சுருதியைக் கொண்டுவந்தவர் கண் தெரியாத ஒருவர். உத்ரெக்ட் நகரின் மணி வாசிப்பாளர் யாக்கோப் வான் ஐக், புல்லாங்குழல் வித்வானும்கூட. மணிக்குள் இருக்கும் உபஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும் காது அவருக்கு. சரியான ஸ்வரத்தில் சீட்டியடித்து, கை படாமலே மணியை முனகவைப்பாராம். அந்தக் காதும், பிரான்சுவா, பீட்டர் என்ற ஹெமோனி சகோதரர்களின் வார்ப்புப் பட்டறையும் சேர்ந்ததில் 1644இல் ஸுட்ஃபென் ஊருக்குச் சுருதி சுத்தமான முதல் கேரிலான் கிடைத்தது. செம்பு ஏறக்குறைய நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. வேண்டிய கனத்தைவிடச் சற்றுத் தடிமனாக வார்த்து, கடைசல் பிடித்து உட்புறத்தில் வளையம் வளையமாகச் சீவுவார்கள். விளிம்போரம் சீவினால் ஒரு உபஸ்வரம் அதிகம் இறங்கும், தோள்பக்கம் சீவினால் வேறொன்று. ஒன்றைத் தொட்டால் மற்ற நாலும் கொஞ்சம் அசையும். கூடுதலாகச் சீவிவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை. உருக்கி மறுபடி வார்க்க வேண்டியதுதான்.

1680இல் பீட்டரும் போய்ச் சேர்ந்தபின் அந்த நுட்பம் நழுவிவிட்டது. அது திரும்பியது 1890களில், இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில், டெய்லர் பட்டறையில்.

ஏறக்குறைய அதே சமயத்தில் மெக்கலென் நகரத்துப் புனித ரம்போல்ட் பேராலயக் கோபுரத்தில், யெஃப் டெனைன் வாசிப்பையே மாற்றிக்கொண்டிருந்தார். (97 மீட்டர் கோபுரம். 1687இல் மேகத்தினூடே நிலா ஒளிர்ந்ததைத் தீப்பிடித்ததாக நினைத்து வாளியோடு ஓடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நிலவை அணைத்தவர்கள் என்ற பட்டம் இன்னும் போகவில்லை.) தந்தைக்குப் பார்வை போனதும் பொறுப்பேற்ற டெனைன், முதலில் இயந்திரத்தைத்தான் திருத்தினார். கேரிலானில் மணி ஆடாது, நாக்குதான் அசையும். வாசிப்பவர் மரக்கட்டைகளைத் தளர மூடிய முஷ்டியால், சுண்டுவிரல் பக்கமாக அழுத்துவார். பெரிய மணிகளுக்குக் கால்கட்டைகள். கட்டையிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து நெம்புகோல், அதிலிருந்து நாக்கு. வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். நாக்குக்கும் மணிக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். அதனால் வாசிப்பவர் உட்கார்ந்ததும் முதல் வேலை, கட்டைகளின் மேலுள்ள திருகுகளைத் திருகிப் பார்ப்பது. கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் வாரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி, ஆனால் சேர்ப்பது சுருதியை அல்ல, தூரத்தை. அந்த இடைவெளி சரியாக இருந்தால்தான் டன் கணக்கில் எடையுள்ள மணியையும் மெல்லப் பேசவைக்க முடியும். 1892இல் தொடங்கிய டெனைனின் கோடைக்காலத் திங்கள் மாலைக் கச்சேரிகளுக்கு ஊரே திரண்டது. 1922இல் அங்கேயே உலகின் முதல் கேரிலான் பள்ளியையும் அவர் தொடங்கினார்.

பியானோவில் கையை எடுத்தால் ஒலி நிற்கும். இங்கே நிறுத்த வழியே இல்லை. அடித்த ஸ்வரம், குறிப்பாகப் பெரிய மணியினுடையது, அடுத்த நாலைந்து ஸ்வரங்களின் மேல் படர்ந்துகொண்டே இருக்கும். கமகத்துக்கும் இடமில்லை. ஆகவே நல்ல வாசிப்பாளரின் திறமை வேகத்தில் இல்லை; பழைய ஓசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கணித்து, கீழ் மணிகளை அளந்து தொடுவதில் இருக்கிறது. அந்தர காந்தாரம் வரும் சந்தோஷமான பாட்டு இன்னும் பெரிய சிக்கல். பாட்டின் காந்தாரமும் ஸட்ஜ மணிக்குள் ஒளிந்திருக்கும் காந்தாரமும் உரசிக்கொள்ளும். லூவென் நகரத்து மத்தியாஸ் வான் டென் ஹெய்ன் 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கருவிக்கென்றே எழுதிய பிரெலூடுகள் இன்றும் நிற்பது, அவர் மணியின் குணத்தோடு மல்லுக்கு நிற்காமல் எழுதியதால். சினிமாப் பாட்டைக் கோபுரத்தில் ஏற்றுபவர்கள் இதைக் கவனித்தால் தேவலை.

1985இல் நெதர்லாந்தின் ஐஸ்பௌட்ஸ் பட்டறை, கணினியில் வடிவத்தைக் கணக்கிட்டு அந்தர காந்தாரம் ஒலிக்கும் மணியையே வார்த்துக் காட்டியது. சாதனைதான், உரசலும் போயிற்று. ஆனால் அந்தச் சமர்த்தான ஓசையில் எனக்கு மணி கேட்கவில்லை. ஹெமோனியின் பழைய வெண்கலம் உரசுகிற இடத்தில்தான் என் காது நிற்கிறது.