அயற்படப் போட்டியும் திருச்சிராப்பள்ளி நாடக மரபும்: தொடக்கக்காலத் தமிழ்ப் பேசும்படம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

1920களில் இந்தியத் திரையரங்குகளில் அமெரிக்கப் படங்களே மேலோங்கியிருந்தன. தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைக்கப்பெற்ற இந்தியத் திரைப்படக் குழு, பிரித்தானியப் படங்களுக்குத் தனிச்சலுகை வழங்கும் கருத்தை ஏற்கவில்லை. இந்தியப் படத்தொழிலுக்கு ஆதரவு தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு அதனைச் செயற்படுத்தவில்லை. எனினும் அடுத்த பத்தாண்டுக்குள் தமிழ்ப்படம் தனக்கெனப் பார்வையாளரைப் பெற்றது. பேசும்படம் உருவாக்கிய மொழித்தடையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இவ்விளக்கம் முழுமையானதன்று என்பதைத் திருச்சிராப்பள்ளிச் சான்றுகள் காட்டுகின்றன.

அயற்படத்தின் வருகை

திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயின் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்வு குறித்த படம் உள்ளிட்ட அயற்படங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டினார். தமிழகத்தில் திரைப்படம் பார்க்கும் பழக்கம் அயற்படங்களைக் கொண்டே வேரூன்றியது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மொழியா, பாட்டா?

1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினர். மொழிக் கலப்பு இருந்தும் மக்கள் அப்படத்தை வரவேற்றனர். எனவே உரையாடலின் மொழி மட்டுமே அவர்களை ஈர்த்தது எனக் கொள்ள இயலாது. அவர்கள் முன்பே நாடக மேடையில் கேட்டுப் பழகிய பாட்டிசைக்கும் இதில் பங்குண்டு.

அம்மேடையின் வலிமைமிக்க களங்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. அங்கு எஃப். ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திர நாடகத்தில் சிறுவனாக நடித்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். அவரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற ‘பவளக்கொடி’, 1934இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் அவ்விருவரையே கொண்டு படமாயிற்று. 1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அமெரிக்கப் படத்தால் ஈடுசெய்ய இயலாத பகுதி இப்பாட்டு மரபே எனலாம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதி, 1958இல் திரைப்பாடலாசிரியரான வாலியின் வாழ்க்கையும் இவ்வட்டாரத்தில் அம்மரபு தொடர்ந்தமையை உணர்த்துகிறது.

வெற்றியின் எல்லை

இதனை அயன்மையை முற்றாக விலக்கிய வெற்றியாகக் கருதுவது பொருந்தாது. பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’யை (1937) இயக்கியவர் தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். பாட்டு தமிழ் மேடையினதாக இருக்க, காட்சியமைப்புக்கு அமெரிக்கத் தொழிற்பயிற்சி துணைநின்றது. மேலும், பாட்டையே பெரிதும் சார்ந்திருந்தமையால் காட்சிமொழி தனித்து வளர்வது தாமதமாயிற்று. பார்வையாளரைத் தந்த மரபே கலைவளர்ச்சிக்கு எல்லையும் வகுத்தது.

முடிவுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றைச் சென்னைப் படநிலையங்களிலிருந்தே தொடங்கும் போக்கில், திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களின் பங்கு மறைந்துவிடுகிறது. சட்டப் பாதுகாப்பு கிட்டாத நிலையில் ஒரு படத்தொழில் அயற்போட்டியை எதிர்கொண்ட முறையை அறிய, அந்நகரங்களின் சபாக்களையும் நாடகக் குழுக்களையும் திரைப்பட வரலாற்றின் முதன்மைத் தரவுகளாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.