டாஹோ: தாழ்ந்த தளமும் தாழாத பானட்டும்

ஷெவர்லே டாஹோ போன்ற முழு அளவு எஸ்யூவியை அமெரிக்கக் குடும்பங்கள் வாங்குவதே மூன்றாம் வரிசைக்காகத்தான். ஆனால் 2020 வரை அந்த வரிசையில் பெரியவர்கள் முழங்காலை மார்பருகே தூக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைத்ததுதான் காரணம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினாலும் அச்சு முழுவதும் சேர்ந்து அசையும். அதற்கு இடம் விட்டதால் வண்டியின் தளம் உயர்ந்துபோனது.

2021 மாடலில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. தளம் தாழ்ந்தது, வீல்பேஸ் நீண்டது, கால் வைக்கும் இடம் 24.8 அங்குலத்திலிருந்து 34.9 அங்குலமானது. குலுக்கலும் குறைந்தது. டாஹோவின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள மாற்றம் இல்லை என்பேன். ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் 2003 மாடலிலேயே இதைச் செய்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2025 மாடலில் 17.7 அங்குலத் தொடுதிரை வந்திருக்கிறது. பார்வைக்கு அழகுதான், ஆனால் பயணத்தின் தரத்தை அது பெரிதாக மாற்றிவிடவில்லை. கியருக்கான பொத்தான்களை எடுத்துவிட்டு ஸ்டீயரிங் பக்கத்தில் லீவரை வைத்ததே எனக்கு நல்ல மாற்றமாகப் படுகிறது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

எஞ்சின்களில் 3 லிட்டர் டீசலே என் தேர்வு. 2021 மாடலின் அரசு மதிப்பீட்டில், பின்சக்கர இயக்கத்தில் 5.3 லிட்டர் வி8 லிட்டருக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் தருகிறது. டீசல் பத்தைத் தாண்டுகிறது. விலையுயர்ந்த 6.2 லிட்டர் வி8-இன் கதை வேறு. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காக 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் பிக்கப்களையும் எஸ்யூவிகளையும் திரும்ப அழைத்தது. ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகக்கூடிய குறை அது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதற்கு எந்தத் திரையும் ஈடாகாது.

இதைவிட என்னை உறுத்துவது வண்டியின் முகப்பு. சில்வராடோ பிக்கப்போடு சேஸியைப் பகிர்ந்துகொள்ளும் டாஹோ, அதன் உயர்ந்த, செங்குத்தான முகப்பையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி பாதசாரியை மோதினால், 30 அங்குலத்துக்கு மேற்படாத சரிவான முகப்புள்ள காரைவிட உயிர் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் கண்டறிந்தது. டாஹோ அந்த 40 அங்குலத்தைத் தாண்டியே நிற்கிறது. சுற்றுக் கேமராக்கள் வண்டியை நிறுத்தும்போது உதவும். தெருவில் வேகமாகப் போகையில் ஓட்டுநர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சக்கரங்களுக்கு இடையிலான பரப்பு கூடக் கூட எரிபொருள் இலக்கைத் தளர்த்தும் அமெரிக்க விதியும் வண்டிகளைச் சிறிதாக்கத் தூண்டுவதில்லை.

உள்ளே இருப்பவர்களுக்காக அடித்தளத்தையே மாற்றிக் கட்டிய பொறியாளர்களால், சாலையைக் கடக்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி பானட்டையும் தாழ்த்த முடியும். அடுத்த மாடலில் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.