மண்ணூர்பேட்டைத் தூசியும் ஒரு ஃபிலிம் ஸ்கேனரும்

ஃபிலிம் ஸ்கேனர் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எவ்வளவு என்றுதான். சென்னை மண்ணூர்பேட்டையில் இருந்துகொண்டு கேட்பவருக்கு என் பதில்: அதை அப்புறம் பார்க்கலாம், தூசிக்கு அந்தக் கருவி என்ன செய்கிறது என்று முதலில் கேளுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் சி.டி.எச். ரோடு, இன்னொரு பக்கம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். லாரிகள் ஓய்வதில்லை. காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். 35 எம்.எம். நெகட்டிவில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர்தான். அதில் ஒட்டிய பொடித் துகள், படம் திரை அளவுக்கு விரியும்போது மணப்பெண்ணின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஸ்லைடில் அதே துகள் கறுப்பாக விழும்.

போன மழைக்காலத்திலிருந்து என் மேசையில் இருப்பது தைவான் நிறுவனமான பிளஸ்டெக்கின் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ. 35 எம்.எம். நெகட்டிவையும் சட்டமிட்ட ஸ்லைடையும் மட்டுமே வாங்கிக்கொள்ளும். இதே உருவத்தில், இதைவிட விலை குறைவாக 8100 என்று ஒரு மாடலும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம் ஒன்றே ஒன்று: 8200ஐ-யில் அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது, 8100-ல் இல்லை. கூடுதல் காசு அந்த விளக்குக்குத்தான். அது தேவையா என்பது உங்கள் வீட்டுப் பெட்டியில் எந்த நெகட்டிவ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கலர் நெகட்டிவில் படமாக இருப்பது சாயம். ரோலைக் கழுவும்போதே வெள்ளி நீங்கி, சாயம் மட்டும் தங்கும். அந்தச் சாயம் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும். அகச்சிவப்பை வழிவிட்டு அனுப்பிவிடும். தூசியும் முடியும் கீறலும் அப்படி விடாது. அதனால் ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பார்க்கிறது. முதலில் சாதாரண ஒளியில் படத்தை எடுக்கும். அடுத்து அகச்சிவப்பில் பார்க்கும்போது படம் காணாமல் போய், அழுக்கு மட்டும் ஒரு வரைபடமாகத் தெரியும். மென்பொருள் அந்த வரைபடத்தை வைத்து, அழுக்கு உட்கார்ந்த இடங்களை மட்டும் அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்புகிறது. இந்த முறையை டிஜிட்டல் ஐஸ் என்ற பெயரில் உருவாக்கியது அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து அப்ளைட் சயன்ஸ் ஃபிக்ஷன் நிறுவனம். அதன் தொழில்நுட்பத்தை 2003-ல் கோடக் வாங்கிக்கொண்டது. பிளஸ்டெக்கோடு வரும் சில்வர்ஃபாஸ்ட் மென்பொருளில் இதே வேலையைச் செய்யும் வசதிக்கு ஐஎஸ்ஆர்டி என்று பெயர்.

இதன் அருமையை எனக்குக் காட்டியது ஒரு ஆயுத பூஜைப் படம். எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த என் மாமா தொண்ணூறுகளில் எடுத்தது. லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கீழே இலையில் பொரி குவித்திருக்கிறார்கள். பொரி தரையெல்லாம் சிதறிக் கிடக்கிறது. நெகட்டிவோ லேப் கொடுத்த கவரிலேயே வருடக்கணக்காகக் கிடந்து, தூசி ஏறி, கீறல் விழுந்திருந்தது. அகச்சிவப்பு இல்லாமல் ஸ்கேன் செய்தேன். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எது பொரி, எது தூசி என்று பெரிதாக்கிப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. படத்தை மட்டும் பார்த்துத் தூசி துடைக்கும் வசதி ஒன்றை முயன்றேன்; அது பொரியையும் சேர்த்துத் துடைத்தது. பிறகு அகச்சிவப்பைப் போட்டேன். தூசி போயிற்று, பொரி அப்படியே இருந்தது. லேத்தின் தலையில் மாமா மூன்று விரலால் இழுத்த சந்தனக் கோடு, அதன் விளிம்பில் காய்ந்து வெடித்த இடம் வரைக்கும் தெரிந்தது. பொரி சாயத்தால் ஆனது, தூசி தூசியால் ஆனது. இந்த விளக்குக்கு அந்த வித்தியாசம் தெரியும். கருவி வாங்கிய காசு எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

சென்னையின் ஈரத்தில் தூசியோடு சேர்ந்து வரும் இன்னொரு வில்லங்கம் பூஞ்சை. மேலோட்டமாகப் படர்ந்த பூஞ்சையை அகச்சிவப்பு ஓரளவுக்கு மறைத்துக் கொடுக்கிறது. ஜெலட்டினையே தின்றுவிட்ட இடத்தில் அதனால் முடியாது, வழித்துவிட்டது போலாகிவிடும். பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள். பூஞ்சை பட்ட ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் கூடவே போய்விடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, மெல்ல ஒரே திசையில் துடைப்பதுதான் பாதுகாப்பு.

இனி கறுப்பு வெள்ளைக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தன் கல்யாண நெகட்டிவ் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். “பிரிண்டெல்லாம் 2015 வெள்ளத் தண்ணில போச்சு தம்பி. இது பரண்ல இருந்ததால தப்பிச்சுது” என்றார். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளிதான். உலோக வெள்ளி அகச்சிவப்பைத் தடுத்துவிடும். ஆகவே மொத்தப் படமும் ஸ்கேனருக்கு அழுக்காகத் தெரியும். என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே விளக்கைப் போட்டு ஒரு முறை ஓட்டினேன். வெள்ளி அதிகம் அடர்ந்திருப்பது, படத்தில் பளிச்சென்று வரவேண்டிய இடங்களில். மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பு, பெண்ணின் தலையில் வைத்த மல்லிகை, புடவையின் சரிகை. சரியாக அந்த இடங்களைத்தான் மென்பொருள் குழைத்துவிட்டது. பூ தனித்தனிப் பூவாக இல்லை. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தபோது சரம் சரமாகத் தெரிந்தது, கூடவே தூசியும்.

இது பிளஸ்டெக்கின் குறை கிடையாது. எந்த நிறுவனத்தின் அகச்சிவப்பும் வெள்ளிப் படத்தில் இப்படித்தான். கலர் முறையில் கழுவும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் மட்டும் விதிவிலக்கு. ஸ்லைடில் கோடாக்ரோம் தகராறு செய்யும். நம் வீடுகளிலோ வெள்ளிப் படங்களும் நிறையக் கிடக்கின்றன. 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமில் எடுத்த குடும்பப் படங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கும். அந்த நெகட்டிவ்களுக்கு இந்த விளக்கால் ஒரு பயனும் இல்லை. கையால்தான் தூசி எடுக்க வேண்டும்.

அதற்கு நான் செய்வது இது. ஸ்கேன் செய்யும் அறையில் ஃபேனை நிறுத்திவிடுகிறேன், ஜன்னலைச் சாத்துகிறேன், தரையை ஈரத் துணியால் துடைக்கிறேன். நெகட்டிவைச் சட்டத்தில் வைப்பதற்கு முன்பு ரப்பர் ஊதியால் இரு பக்கமும் ஊதுகிறேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பருத்திக் கையுறை கட்டாயம். மழை பெய்து ஓய்ந்த இரவுதான் எங்கள் பகுதியில் ஸ்கேனுக்கு உகந்த நேரம், காற்றில் தூசி அடங்கியிருக்கும். ஸ்கேனரை வெறுமனே மேசையில் விடாமல், கூடவே வரும் பையில் போட்டு வையுங்கள். உள்ளே தூசி போய்ப் படிந்தால் படத்தில் வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒரு மங்கல் வரும், அதை எந்த மென்பொருளும் எடுக்காது. இவ்வளவு செய்தும் மிஞ்சும் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் தொட்டு அழிக்க வேண்டியதுதான். அந்த அம்மாவின் ஒரு படத்துக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. அந்த மாலை வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிபிஐக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எரிச்சல் அங்கே இருக்கிறது. பெட்டியின் மேல் 7200 என்று போட்டிருக்கும். உண்மையில் இதன் லென்ஸ் பிரித்துக் காட்டுவது அதில் ஏறக்குறைய பாதிதான். ஃபிலிம் ஸ்கேனர் விற்கும் நிறுவனங்களில் இப்படி எண்ணை ஊதிப் பெருக்காதவை குறைவு. எப்சன் வி600 படுக்கை ஸ்கேனரின் 6400 இதைவிட மோசம், நிஜத்தில் கால் பங்கு. 7200-ல் வைத்தால் 48 பிட் டிஃப் கோப்பு ஒன்று 400 எம்.பி.யைத் தாண்டும், ஸ்கேன் நேரமும் இழுக்கும், படத்தில் புதிதாக ஒன்றும் தெரியாது. 3600 போதும். அதிலேயே 17 மெகாபிக்சல் கிடைக்கிறது, கோப்பும் 100 எம்.பி. அளவில் நிற்கிறது. ‘22 மெகாபிக்சல்’ என்று கூவி விற்கும் திரை வைத்த சின்னப் பெட்டிகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் இருப்பது ஒரு சிறிய கேமரா. நெகட்டிவைப் படம் எடுத்து ஜேபெக்காகக் கொடுக்கும், அகச்சிவப்பு கிடையாது. எங்கள் ஊர் தூசிக்கு அது தாங்காது.

பிளஸ்டெக்கின் சட்டம் ஆறு படங்களை வைத்துக்கொள்ளும். படத்துக்குப் படம் கையால்தான் தள்ள வேண்டும், தானாக நகராது. சட்டத்தில் படங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் உண்டு. பழைய கேமராவில் ரோல் சீராகச் சுற்றாமல் இடைவெளி கூடக்குறைய விழுந்திருந்தால், படத்தின் ஓரம் கம்பிக்கடியில் ஒளிந்துகொள்ளும். அந்தப் படத்துக்காக ஃபிலிமைத் தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும். ஃபோகஸ் மாற்ற வழியில்லை என்பதால் சுருண்ட நெகட்டிவ் ஓரத்தில் மங்கும். சுருண்டவற்றை உறையில் போட்டுக் கனமான புத்தகங்களுக்கடியில் சில நாள் வைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். யூஎஸ்பி கேபிளை ஹப் வழியாகச் செருகாமல் நேரே கம்ப்யூட்டரில் செருகினால் பாதியில் நின்றுபோகும் தொல்லைகள் பெரும்பாலும் வராது.

ஆக்ஃபா கிளிக் 3-ல் எடுத்த சதுர நெகட்டிவ்கள் உங்களிடம் நிறைய இருந்தால் இந்தக் கருவியே வேண்டாம். அவை 120 ரோல், இதற்குள் நுழையாது. அங்கே வி600 போன்ற படுக்கை ஸ்கேனர்தான் சரி. நெகட்டிவ் 35 எம்.எம்.ஐவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது என்பதால் அதன் குறைந்த நுணுக்கமே போதுமானது. கண்ணாடியில் நெகட்டிவ் ஒட்டினால் வானவில் வளையங்கள் விழும், சட்டத்தில் தூக்கி வைத்தே எடுங்கள்.

பழைய நிக்கான் கூல்ஸ்கேன் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: படம் அற்புதமாக இருக்கும், ஆனால் உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டன. நிக்கானின் சொந்த மென்பொருள் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றது. வியூஸ்கேன் மென்பொருளால் இன்றும் ஓட்டலாம், ரிப்பேர் என்று வந்தால் ஆள் கிடைப்பது கஷ்டம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியது. ஸ்டுடியோக்களுக்கு அப்படி ஒரு நிறுவனம் வந்தது. அம்பத்தூர், பாடி, கொரட்டூர் வீடுகளின் பரணில் இருப்பவற்றுக்கு அந்தந்த வீட்டாரைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். ஆரஞ்சு நிறக் கலர் நெகட்டிவ் அதிகம் இருந்தால் 8200ஐ வாங்குங்கள், கூடுதல் காசுக்கு யோசிக்காதீர்கள். சாம்பல் நிறக் கறுப்பு வெள்ளை நெகட்டிவே அதிகம் என்றால் 8100 போதும்; மிச்சக் காசில் நல்ல ஊதியும் கையுறையும் காகித உறைகளும் வாங்குங்கள். ஸ்கேன் முடிந்த பிறகு நெகட்டிவை எறியாதீர்கள். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி, தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள்.